மூன்றாவது பாடம்

"கெமிஸ்ட்ரி, பயோலொஜி, ஆர்ட்," என்றாள் நீலவேணி.

குலசேகரத்தின் கை பிட்டோடு பாதி வழியில் நின்றுவிட்டது. முதல் இரண்டு பாடங்களும் காதுக்குள் இதமாக இறங்கியிருந்தன. மூன்றாவதுதான் வாசலில் நின்று முழித்தது.

"கடைசியா என்ன சொன்னனீ?"

"ஆர்ட், அப்பா. யூனிவேர்சிட்டிக்குப் போறதெண்டால் ஏ லெவலுக்கு மூண்டு பாடம் எடுக்கவேணும். வெள்ளிக்கிழமைக்கிடையிலை ஸ்கூலிலை சொல்லவேணும்."

"படம் கீறிறதோ?" குசினிக்குள்ளிருந்து கறிச்சட்டியும் கையுமாக ஓடி வந்தாள் கனகாம்பிகை. "டொக்டருக்குப் படிக்கப்போற பிள்ளைக்கு என்னத்துக்குப் படம்? வருத்தக்காரருக்கு மருந்து எழுதாமல் பூ கீறிக் குடுக்கப்போறியோ?"

"எனக்கு பிசிக்ஸ் ஏலாது, அம்மா."

"ஏலாதெண்டால் ரியூஷனுக்குப் போ. இஞ்சாருங்கோ, ஏன் பேசாமல் இருக்கிறியள்? ஏசுங்கோ!"

நீலவேணி முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஏச்சு வாங்கத் தயாராகத் தகப்பனைப் பார்த்தாள்.

குலசேகரம் ஏசவில்லை. அவரிடம் ஒரு வியாதி இருந்தது. எதற்கும் கோபப்படுவதற்கு முன்னால் அந்த விஷயத்தைத் தீர விசாரித்துவிட வேண்டும். லண்டன் மோர்டனில் வீடு வாங்கிய புதிதில், பக்கத்து வீட்டுக்காரன் வேலியை இவருடைய வளவுக்குள் ஓரடி தள்ளிப் போட்டான். சண்டைக்குப் போகாமல் குலசேகரம் நூலகத்துக்குப் போனார். காணிச் சட்டத்தையும் பழைய வரைபடங்களையும் வாசித்து முடித்தபோது, வேலி சரியான இடத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். போதாக்குறைக்கு அதைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் போய்ச் சொல்லியும் விட்டார். அந்த ஓரடியைக் கனகாம்பிகை இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போதும் அவர் பிட்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"யூனிவேர்சிட்டிக்காரர் ஆர்ட்டைப் பற்றி என்ன நினைக்கினம்?"

"என்ன?" என்றாள் நீலவேணி.

"கேக்கிறன். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அப்பா, நீங்கள் வேண்டாமெண்டால் நான்—"

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லையே. விசாரிச்சுப் பாப்பம்."

அது தொண்ணூறாம் ஆண்டு செப்டம்பர். குலசேகரம் கவுன்சில் கந்தோரில், வீடமைப்புப் பிரிவில் எழுதுவினைஞர். மறுநாள் மதிய இடைவேளையில் சான்ட்விச்சைப் பிரிக்காமலே தொலைபேசியை எடுத்து, லண்டனில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் அனுமதிப் பிரிவைக் கூப்பிட்டார். மறுமுனையில் மிஸிஸ் ஹார்வி என்ற பெண்மணி பேசினாள்.

"உங்கள் மகளா விண்ணப்பிக்கப் போகிறாள்?"

"இல்லை. ஒரு நண்பருடைய மகள்," என்றார் குலசேகரம். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. மகளின் பெயர் ஏதாவது கறுப்புப் பட்டியலில் ஏறிவிடுமோ என்ற பயமாக இருக்கலாம்.

"கெமிஸ்ட்ரி கட்டாயம். இன்னொரு விஞ்ஞானப் பாடம் இருந்தால் நல்லது. மூன்றாவது எதுவானாலும் பரவாயில்லை, ஒழுங்காகச் செய்திருந்தால் போதும்."

"ஆர்ட் ஆனாலுமா?"

"ஆர்ட் ஆனாலும்."

"ஆர்ட் என்றால், படம் வரைவது?"

"பெரும்பாலும் அதுதான், சேர்."

குலசேகரம் தொலைபேசியை வைத்துவிட்டு சான்ட்விச்சைப் பிரித்து ஒரு கடி கடித்தார். பிறகு இன்னொரு கல்லூரியைக் கூப்பிட்டார். அங்கே இருந்த ஆள் மூக்கால் பேசினான். ஆர்ட்டைத் தாங்கள் அரைப் பாடமாகத்தான் கணக்கில் எடுப்பதாகவும், பிசிக்ஸோ மாத்ஸோ எடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி என்றும் சொன்னான். அடுத்த நாள் கூப்பிட்ட மூன்றாவது இடத்தில், "எங்களுடைய நேர்முகக் குழுவில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கிறார். கை வேலை தெரிந்த பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர்," என்றார்கள்.

ஒரே நாட்டில், ஒரே பாடத்துக்கு இத்தனை முகமா? குலசேகரத்துக்கு உற்சாகம் பொங்கியது. வியாழக்கிழமை மாலை சப்பாத்தைக் கழற்றாமலே மாடிப்படியடியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை! எடுக்கலாம்! ஆர்ட் எடுக்கலாம்!"

நீலவேணி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஷுவரோ, அப்பா?"

"ஷுவர். ஒரு இடத்திலைதான் அரைப் பாடமெண்டு சொல்லுகினம். அங்கை நீ போகத் தேவையில்லை."

"அந்த இடம்தான் அப்பா எனக்கு நல்ல விருப்பம்."

"அதை விண்ணப்பிக்கேக்கை பாப்பம். நீ ஒண்டுக்கும் யோசியாதை. அப்பா இருக்கிறன்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று குலசேகரம் கனகாம்பிகைக்கு விளங்கப்படுத்தினார்.

விஷயம் இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கனகாம்பிகை தன் மனவருத்தத்தைக் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் தமக்கையிடம் தொலைபேசியில் சொல்ல, அது சனிக்கிழமைக்குள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பிள்ளைகள் உள்ளே 'அறம் செய விரும்பு' எழுதிக்கொண்டிருக்க, பெற்றோர் மண்டபத்தின் பின்பக்கம் தேத்தண்ணியோடு நிற்பது வழக்கம். பெற்றோர் சங்கத் தலைவர் டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா. கோலியர்ஸ் வுட்டில் சொந்தமாக சேர்ஜரி என்ற சிகிச்சை நிலையம் வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகள் சந்திரவதனா பிசிக்ஸோடு சேர்த்து நாலு பாடம் எடுத்திருந்தாள். அதைத் தெரியாதவர்கள் அந்த மண்டபத்தில் இல்லை, தெரியாமல் இருக்க அவர் விட்டதில்லை.

"என்ன குலம், மகள் படம் கீறப் போறாவாம்?" என்றார் டொக்டர், எல்லோருக்கும் கேட்கும்படி.

யாரோ சிரித்தார்கள். குலசேகரத்துக்குக் காது சூடேறியது.

"டொக்டர், உங்களுக்குத் தெரியாதோ?" என்றார். "இப்ப மெடிக்கல் ஸ்கூலுகளிலை அதையும்தான் பாக்கினமாம்."

"எதை?"

"ஆர்ட்டை. நான் விசாரிச்சனான். நேர கதைச்சனான். சேர்ஜன்மார் கையைத்தான் பாக்கினமாம்."

சிரிப்பு நின்றது. தேத்தண்ணிக் கோப்பைகள் கீழே இறங்கின. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு சின்ன அவமானத்தைச் சமாளித்துவிட்ட நிம்மதியில் குலசேகரம் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார்.

அன்று மாலையே தொலைபேசி அடித்தது. மோர்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கனகலிங்கம்.

"அண்ணை, டொக்டருக்குப் படிக்க ஆர்ட் கட்டாயமாமே?"

"கட்டாயமில்லை, கனகலிங்கம். எடுத்தால் தடையில்லை எண்டுதான் சொன்னவை."

"விளங்குது அண்ணை. நீங்கள் வெளியிலை சொல்ல ஏலாதுதானே. நான் ஒருத்தருக்கும் சொல்லன்."

"இல்லை, உண்மையாத்தான்—"

"சரி, சரி. நல்லா விளங்குது."

அதற்குப் பிறகு தொலைபேசி ஓயவில்லை. கட்டாயமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல அது கட்டாயமாகிக்கொண்டே போனது. மெல்லிய குரலில் சொன்னால் இரகசியம் என்றார்கள். உரத்துச் சொன்னால், தன்னுடைய பிள்ளை மட்டும் போகவேண்டும் என்று மறைக்கிறார் என்றார்கள். கடைசியில் மிஸிஸ் ஹார்வி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஒரு தாளில் எழுதி மண்டபத்துச் சுவரில் ஒட்டினார். 'ஆர்ட் ஆனாலும் பரவாயில்லை' என்ற வரிக்குக் கீழே யாரோ சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒக்டோபர் முடிவதற்குள் பல வீடுகளில் பிசிக்ஸ் புத்தகங்கள் மூடப்பட்டுத் தூரிகைகள் வாங்கப்பட்டன. இவ்வளவு பெரிய செய்தி தனக்குப் பிந்திக் கிடைத்ததே என்ற கோபத்தில் டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா தானே மகளின் பள்ளிக்கூடத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், பிசிக்ஸிலிருந்து சந்திரவதனாவைக் கழற்றி ஆர்ட்டில் மாட்டிவிட்டு வந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை ஓவிய வகுப்பு ஒன்று ஆரம்பமானது. அதற்கு அமைப்பாளராகக் குலசேகரத்தையே ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள்.

அதனால் இடம் பறிபோனது வீணை ரீச்சர் தவமலருக்கு. அவருடைய வகுப்பைக் குசினிக்கு மாற்றியிருந்தார்கள்.

"மிஸ்டர் குலசேகரம், ஒண்டு கேக்கட்டோ?" என்றார் தவமலர், ஒரு நாள் அவரை வாசலில் மறித்து.

"கேளுங்கோ ரீச்சர்."

"யூனிவேர்சிட்டிக்காரர் வீணையைப் பற்றி என்ன நினைக்கினம்?"

குலசேகரம் யோசித்தார். "தெரியாது ரீச்சர். விசாரிச்சுச் சொல்லுறன்," என்றார். உண்மையிலேயே விசாரிக்கத்தான் நினைத்தார். தவமலர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிங்குக்குப் பக்கத்தில் வீணையை மீட்டப் போனார்.

இப்போது அவருக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஆர்ட் செய்தால், நீலவேணியிடம் என்ன விசேஷம்? மறுபடியும் மிஸிஸ் ஹார்வியைக் கூப்பிட்டுத் தன் பெயரைச் சொன்னார்.

"மிஸ்டர் குலசேகரம்! உங்கள் நண்பருடைய மகள் எப்படி இருக்கிறாள்?"

"நன்றாக இருக்கிறாள். ஒரு கேள்வி. நிறையப் பேர் ஆர்ட் எடுத்தால் என்ன ஆகும்?"

அவள் சிரித்தாள். "ஆர்ட் எடுத்ததற்காக இங்கே யாருக்கும் இடம் கொடுப்பதில்லை, சேர். விஞ்ஞானத்துக்கு வெளியிலும் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்பார்கள். உண்மையான ஆசை இருக்கிறதா, இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்."

உண்மையான ஆசை. குலசேகரம் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நீலவேணி மேசையில் ஒரு சப்பாத்தை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வாரமாக அதே சப்பாத்துத்தான். கனகாம்பிகை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஆரிது? என்ரை பெரியப்பாவோ?"

"சப்பாத்து, அம்மா."

"பெரியப்பாவின்ரை நாடியும் தாடையும் மாதிரியே இருக்குது."

"உமக்கு மொடேர்ன் ஆர்ட் விளங்காது," என்றார் குலசேகரம். மகளின் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்தார். ஒரு சப்பாத்துக்காக அழுகிற பிள்ளை! ஆசை உண்மையானதுதான். ஆனால் ஆசைக்கும் தீனி போட வேண்டுமல்லவா?

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தகப்பனும் மகளும் மோர்டனில் நோர்தேர்ன் லைன் ரயில் ஏறி, நகரத்திலிருந்த பெரிய ஓவியக் கூடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். உள்ளே போக இலவசம் என்பதைக் கேட்டதும் கனகாம்பிகையின் எதிர்ப்பு பாதி குறைந்தது.

நீலவேணி போனதும் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிடுவாள். குலசேகரம்தான் ஒவ்வொரு படமாக நின்றார். முதலில் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை மட்டும் வாசித்தார். பிறகு படத்தையும் பார்க்கத் தொடங்கினார். இந்தக் கிழவியின் கை ஏன் இவ்வளவு பெரிது? தட்டிலிருக்கும் மீனுக்கு ஏன் பச்சை? கிட்டப் போனால் வெறும் திட்டுத்திட்டாக இருப்பது எட்ட வந்தால் எப்படி மீனாகிறது? கிட்டப் போவதும் எட்ட வருவதுமாக இருந்தார். சற்றுத் தள்ளி நில்லுங்கள் என்று காவலாளி இரண்டு தரம் சொல்லிவிட்டு, மூன்றாம் தரம் தானும் பக்கத்தில் வந்து நின்று மீனைப் பார்த்தான்.

"பிள்ளை, இஞ்சை வா. கெதியா வா. இந்தச் சுவரிலை விழுற நிழலைப் பார்."

நீலவேணி எழுந்து வந்தாள்.

"என்ன நிறம்?"

"கறுப்பு."

"வடிவாப் பார்."

அவள் பார்த்தாள். "நீலம்," என்றாள் மெதுவாக.

"நீலம்! நிழல் நீலமெண்டு எனக்கு இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லேல்லை."

திரும்பி வரும்போது மோர்டனில் பனி கொட்டியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம், வேலிகளின் நிழல் பனியில் நீலமாகக் கிடந்தது. குலசேகரம் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் நின்றார். அப்பா கெதியாக வாங்கோ, குளிருது என்று சொல்ல வாயெடுத்த நீலவேணி, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள். தானும் கூட நின்றாள்.

அடுத்த கோடையில் நீலவேணியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. ஆர்ட் ஆசிரியை மிஸ் பிரிச்சர்ட் குலசேகரத்தை உட்காரச் சொல்லிவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாதவள் போல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"அவளுடைய குதிரையைப் பார்த்தீர்களா?"

"இல்லையே."

"நான் நெடுங்காலமாகப் படிப்பிக்கிறேன். அப்படியொரு குதிரையை நான் கண்டதே இல்லை."

குலசேகரம் பூரித்துப்போனார்.

"ஆனால் அவளிடம் விடாமுயற்சி இருக்கிறது," என்று மிஸ் பிரிச்சர்ட் அவசரமாகச் சொன்னாள். "இப்போதெல்லாம் நன்றாகப் பார்க்கிறாள். எல்லோரையும்விட நன்றாகப் பார்க்கிறாள். நிறம் அவளுக்கு விளங்குகிறது. கைதான்... கை பின்னால் வரும் என்று நம்புவோம்."

வீட்டுக்கு வந்ததும் கனகாம்பிகையிடம் சொன்னார்.

"ரீச்சர் என்ன சொன்னவ தெரியுமோ? கண்டறியாத குதிரையாம்!"

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றாள் கனகாம்பிகை, உதட்டைச் சுழித்து. "கண்டறியாத குதிரை."

நவம்பரில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மிஸிஸ் ஹார்வியின் கல்லூரிதான். படங்களை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று குலசேகரம் பிடிவாதமாக நின்றார். மேசையளவு பெரிய கறுப்பு மட்டை உறைக்குள் எல்லாவற்றையும் அடுக்கினார். அதன் ஒரு பக்கத்தைத் தூக்க நீலவேணியின் வகுப்புத் தோழி டொலறஸ் வந்தாள். கலகலப்பான தமிழ்ப் பிள்ளை, நாலு வீடு தள்ளி இருப்பவள். ரயிலில் அந்த உறை ஒரு கனவானின் தொப்பியைத் தட்டிவிட்டது, ஒரு குழந்தையை அழவைத்தது, கதவுக்குள் ஒரு தரம் அகப்பட்டது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி, குலசேகரம் வாய் திறந்ததுமே நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸ்டர் குலசேகரம்! இந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். இவள்தானா உங்கள் நண்பருடைய மகள்?"

நீலவேணி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆம்," என்றார் குலசேகரம்.

மிஸிஸ் ஹார்வி தன் பட்டியலில் விரலை ஓட்டினாள். "நீலவேணி குலசேகரம். நண்பருக்கும் உங்கள் பெயரா?"

"எங்கள் ஆட்களிடையே இந்தப் பெயர் அதிகம், மேடம்."

"ஹலோ, அங்கிள்," என்று நீலவேணி தகப்பனிடம் சொல்லிவிட்டு, மட்டை உறையை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். டொலறஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

உள்ளேயிருந்து நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு பலத்த சிரிப்பு. குலசேகரம் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்க்க முயன்றார். அதில் நிழல் என்ன நிறம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

நீலவேணி வெளியே வந்தாள்.

"என்ன சிரிப்பு உள்ளுக்கை? என்ன கேட்டவை?"

"குதிரையைப் பாத்தவை. அங்கையும் ஒரு சேர்ஜன் இருந்தவர், அவர் அதை நாயெண்டு நினைச்சவராம். குதிரையெண்டு சொன்னன்."

"பிறகு?"

"ஏன் ஆர்ட் எடுத்தனீர் எண்டு கேட்டவை. உண்மையைச் சொன்னன்."

"என்ன உண்மை?"

"எனக்கு அது வராதெண்டு."

குலசேகரம் பக்கத்திலிருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வராது, ஆனால் ஒவ்வொரு நாளும் கீறிறன், பிழைக்குது, அடுத்த நாளும் கீறிறன் எண்டு சொன்னன். கை சரிவரேல்லை, ஆனால் இப்ப கண் தெரியுது எண்டும் சொன்னன். நிழல் நீலமெண்டு சொன்னன். சேர்ஜன் எழும்பிப் போய் ஜன்னலாலை பாத்தார்."

"பாத்து?"

"ஓம், நீலம்தான் எண்டார்."

குலசேகரம் மூச்சை விட்டார். பிள்ளை அடக்கமாகப் பேசியிருக்கிறாள். வெள்ளைக்காரருக்கு அடக்கம் பிடிக்கும் என்று அவர் எங்கோ வாசித்திருந்தார்.

கிறிஸ்மஸ் வருவதற்கு முன் முடிவு வந்தது. பரீட்சையில் அவர்கள் கேட்ட தரங்கள் கிடைத்தால் இடம் உண்டு. கனகாம்பிகை கடிதத்தைச் சாமி அறையில் வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்கு ஆட்களைக் கூப்பிட்டாள். வீடு நிறைந்தது. றோல்ஸும் வடையும் தட்டுத்தட்டாகப் போயின. கனகலிங்கம் குலசேகரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "கட்டாயமில்லை எண்டு சொன்னியள், என்ன?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

அப்போதுதான் கதவு மணி அடித்தது. டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா. கோட்டைக் கழற்றவில்லை, வாழ்த்தவும் இல்லை.

"குலம், நீர் என்ரை குடும்பத்தை அழிச்சுப்போட்டீர்."

வடைத் தட்டுகள் நடுவழியில் நின்றன.

"என்ன டொக்டர், என்ன நடந்தது?"

"சந்திரவதனா மெடிசினுக்குப் போகமாட்டாளாம். ஆர்ட் கொலிஜுக்குப் போறாளாம்! அவளின்ரை ரீச்சர் வீட்டுக்கு வந்து, உங்கடை மகளுக்குப் பெரிய திறமை இருக்குது எண்டு சொல்லிப்போட்டுப் போறா. நாலு ஏ லெவல் செய்யிற பிள்ளை ஐயா! சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டாள், அறையெல்லாம் பெயின்ற். சொல்லும், நான் இப்ப என்ன செய்ய?"

டொக்டரின் குரல் கடைசியில் உடைந்தது. குலசேகரத்துக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. டொக்டரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். பிறகு குலசேகரத்தின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"டொக்டர், ஒரு விஷயம்."

"என்ன?"

"ஆர்ட் கொலிஜ்காரர் கெமிஸ்ட்ரியைப் பற்றி என்ன நினைக்கினம்?"

"என்னது?"

"பெயின்ற் எல்லாம் கெமிஸ்ட்ரிதானே. பழைய படங்களைத் திருத்திறவைக்குக் கெமிஸ்ட்ரி தேவைப்படுமாம், ஓவியக் கூடத்திலை ஒரு காவல்காரன் சொன்னவன். பிள்ளையின்ரை மற்றப் பாடங்கள் வீண்போகாது போலை கிடக்கு. திங்கக்கிழமை நான் விசாரிச்சுச் சொல்லட்டோ?"

டொக்டர் கோட்டைக் கழற்றினார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். "நல்லா விசாரியும்," என்றார், தோற்றுப்போன குரலில். கனகாம்பிகை அவருக்கு முன்னால் ஒரு தட்டு றோல்ஸ் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். வீட்டில் மறுபடி பேச்சு எழும்பியது.

அந்த மகிழ்ச்சியில் குலசேகரம் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"எல்லாருக்கும் ஒண்டு சொல்லவேணும். பிள்ளையளை ஏசக்கூடாது. விசாரிக்கவேணும். அண்டைக்கு வேணி வந்து ஆர்ட் எண்டு சொல்லேக்கை, நான் ஏசியிருந்தால் இண்டைக்கு இந்தக் கடிதம் வந்திருக்குமோ? பிள்ளையின்ரை ஆசையை நான் மதிச்சன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நீலவேணி தட்டிலிருந்த வடையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குலசேகரம் பக்கத்தில் நின்ற டொலறஸைப் பார்த்துச் சிரித்தார்.

"டொலறஸ், நீதானே அவளின்ரை பெஸ்ட் ஃபிரெண்ட். உண்மையைச் சொல்லு. அப்பா கத்தப்போறார் எண்டு அண்டைக்கு அவள் நல்லாப் பயந்துதானே இருந்திருப்பாள்?"

வாய் நிறைய றோல்ஸோடு நின்ற டொலறஸ், நீலவேணி கண்ணைக் காட்டியதைக் கவனிக்கவில்லை.

"பயமோ? நீங்கள் கத்தவேணுமெண்டுதானே அங்கிள் அவள் ஆர்ட் எண்டு சொன்னவள். நீங்கள் நல்லாக் கத்தி முடிய, 'சரி அப்பா, ஆர்ட் வேண்டாம், டொலறஸோடை ஜியோகிரபி எண்டாலும் எடுக்கட்டோ' எண்டு கேக்கத்தான்!"